மாடியே ஸ்லிப்பர் ஆர்க்கிட்: வெயில் வராத பிளாட்டுக்கு வாங்கலாமா? முழு ரிவியூ

சிங்கப்பூர்ல ஹெச்டிபி (அரசாங்க வீட்டு வாரிய) பிளாட்ல இருந்துகிட்டு ஆர்க்கிட் வளக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு முதல்ல யாராச்சும் ஒரு டெண்ட்ரோபியமோ வாண்டாவோ கையில குடுத்துடறாங்க, அது ரெண்டுக்கும் நல்ல வெயில் வேணும், நமக்கு எதுத்த பிளாக் மறைச்சுகிட்டு நிக்கும், காலைல கொஞ்ச நேரம் ஜன்னல் ஓரத்துல வெளிச்சம் வந்துட்டு போயிடும், அப்புறம் செடி இலையா விட்டு நீளமா வளந்துகிட்டே இருக்கும், பூவுன்னு ஒண்ணு கண்ணுல படாது. இப்படி வெளிச்சம் கம்மியான வீட்டுக்கு என்ன ஆர்க்கிட் வாங்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், மாடியே டைப் ஸ்லிப்பர் ஆர்க்கிட். சில வருஷமா வீட்ல வளத்து திரும்பத் திரும்ப பூக்க வச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன். கடையில எப்படி பாத்து எடுக்கணும், எதுல நடணும், கூட என்னென்ன வாங்கணும், எதுக்கு காசு செலவு பண்ண வேணாம், எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்ல பூ. ஸ்லிப்பர் ஆர்க்கிட் இனத்துக்கு பாஃபியோபெடிலம்னு முழுப் பேர், ஆர்க்கிட் வளக்கறவங்க சுருக்கி பாஃப்னு சொல்லுவாங்க. மாடியேல பச்சை வெள்ளை வகைதான் பழசு, மேல நிமிந்து நிக்கற பெரிய இதழ் வெள்ளையா இருக்கும், அதுல அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பச்சைக் கோடு சீரா ஓடும், ரெண்டு பக்கமும் இதழ் நீட்டிகிட்டு லேசா கீழ சாஞ்சிருக்கும், நடுவுல செருப்பு முனை மாதிரி வழவழன்னு ஒரு பை, ஸ்லிப்பர்ங்கற பேர் அதனாலதான். இன்னொரு வகை அரக்கு கலர், கடையில வினிகலர்னு எழுதியிருப்பாங்க, நல்ல செடியா இருந்தா பை கிட்டத்தட்ட கறுப்பா தெரியும், இதழோட ஓரத்துல சின்னச் சின்ன மச்சம் இருக்கும், ஒவ்வொரு மச்சத்துலயும் ரெண்டு மூணு முடி நீட்டிகிட்டிருக்கும். பூ விரிஞ்சதும் ஒரு டார்ச் லைட்ட பையோட வாய்ல பிடிச்சு உள்ள பாருங்க, பின்பக்க சுவத்துல வரிசையா மெல்லிசு ரோமம் தெரியும். இது சும்மா அழகுக்கு இல்ல. பூச்சி வழுக்கி உள்ள விழுந்துடும், வந்த வழியா ஏற முடியாது, அந்த ரோமத்தைப் பிடிச்சுகிட்டுதான் ஏறணும், ஏறுற வழியில முதல்ல சூல்முடிக்கு அடியில நுழையணும், அப்புறம் மகரந்தத்தை உரசிகிட்டு பக்கத்துல இருக்கற சின்ன சந்து வழியா வெளிய வரணும். பூச்சிக்கு இதுல தேன் கிடையாது, ஒண்ணும் கிடையாது, பூவுக்குதான் முழு லாபம். நம்ம பிளாட்ல அந்த வேலைக்கு வர்ற பூச்சி இல்லாததால மகரந்தச் சேர்க்கை நடக்காது, அதனாலயே பூ ரொம்ப நாள் நிக்குது, ரெண்டு மாசம் சர்வசாதாரணம், ஏசி ஓடாத நிழலான இடத்துல அதுக்கு மேலயும் நிக்கும். கடைசியில வாடி வதங்காம ஒரு நாள் முழுப் பூவா கீழ விழுந்து கிடக்கும்.

பூ இல்லாத மாசத்துலயும் செடி பாக்க நல்லா இருக்கும், இது எனக்கு ரொம்ப முக்கியம். கடையில சாதாரணமா விக்கற ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்ல பூ போனப்புறம் வெறும் பச்சை இலைதான். மாடியே இலையில வெளிர் பச்சையும் கரும்பச்சையும் கட்டம் கட்டமா கலந்து ஓடும், வினிகலர் செடின்னா இலைக்கு அடியில தண்டு பக்கம் ஊதாப் புள்ளி தெளிச்சிருக்கும். சின்னத் தொட்டியில ஒரு சாண் உயரத்துக்கு அடக்கமா இருக்கறதால டைனிங் டேபிள் பக்கத்துல வச்சா கூட இடத்தை அடைக்காது.

இது நேத்து வந்த ஹைப்ரிட் இல்ல, 1900லயே இங்கிலாந்துல பதிவானது, கேலோசம்ங்கற இனத்தையும் லாரன்சியானம்ங்கற இனத்தையும் சேத்து சார்ல்ஸ்வொர்த் நர்சரிக்காரங்க உண்டாக்கினது. இங்கிலாந்துல பொறந்தாலும் அப்பா அம்மா ரெண்டும் நம்ம பக்கம்தான், கேலோசம் தாய்லாந்து இந்தோசீனா பக்கம் காட்டுல தரையில வளர்றது, லாரன்சியானம் போர்னியோவுல சரவாக் பக்கத்தது. ரெண்டுமே மரத்தடி நிழல்ல, இலைச் சருகுல, வெக்கையும் ஈரமும் இருக்கற இடத்துல வளந்த செடி. அதனாலதான் பகல்ல 32 டிகிரி ராத்திரி 25 டிகிரின்னு வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கற சிங்கப்பூர் சீதோஷ்ணத்துல கூலரும் கண்ணாடிப் பெட்டியும் இல்லாம பூக்குது. சேத்துப் பாத்தா இன்னொரு விஷயம், உலகத்துல முதல் ஸ்லிப்பர் ஹைப்ரிட்னு சொல்ற ஹாரிசியானம் 1869ல பூத்தது, அதோட பெற்றோர்ல ஒண்ணான பார்பேட்டம் நம்ம மலாய் தீபகற்பத்து செடி. பூ விஷயத்துல இந்த வட்டாரத்துக்கு இருக்கற பங்கு நம்ம ஆளுங்களுக்கே தெரியல, அது எனக்கு வருத்தம்.

விலைக்கு வருவோம். பூ விட்ட மாடியே டைப் செடி நான் பாத்த நர்சரிகள்ல 30 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி இருக்கு, நல்ல கறுப்பு வினிகலர்னா இன்னும் ஏறும். ஃபெலனாப்சிஸ் அதைவிட மலிவா கிடைக்கறப்ப இது ஏன் இவ்வளவுன்னு நிறைய பேர் கேப்பாங்க. காரணம் இருக்கு. ஃபெலனாப்சிஸை லேப்ல திசு வளர்ப்புல ஆயிரக்கணக்குல நகல் எடுக்கலாம், எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல இருக்கும். ஸ்லிப்பர்ல அந்த நகல் வேலை வியாபாரத்துக்கு ஆகற அளவுக்கு நடக்கல. ஒண்ணு விதையிலேர்ந்து வளக்கணும், இல்ல செடியைப் பிரிச்சு நடணும், வேற வழி கிடையாது. விதை போட்டா பூக்க சில வருஷம் ஆகும், அத்தனை வருஷம் ஒருத்தர் தண்ணி ஊத்தி இடம் குடுத்து வளத்திருக்கார், அந்தக் காசுதான் நாம குடுக்கறது. அதே காரணத்தால ஒரே தட்டுல இருக்கற பத்து செடியும் பத்து விதமா பூக்கும், ஒண்ணுல பை பெருசு, ஒண்ணுல கோடு மங்கல், ஒண்ணுல மேல் இதழ் பின்னாடி மடிஞ்சுக்கும். அதனால முதல் செடியை பூவோட பாத்து வாங்குங்க, போட்டோவைப் பாத்து ஆர்டர் பண்ணினா அந்தப் போட்டோவுல இருக்கறது வேற செடியோட பூவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கடையில எப்படி எடுக்கறது. நான் வாங்கற நர்சரி அங்கிள் செடியை தொட்டியிலேர்ந்து லேசா தூக்கிக் காட்டச் சொன்னா முகம் சுளிக்காம காட்டுவார், அதுக்காகவே அவர்கிட்ட போறேன். ஸ்லிப்பருக்கு மத்த பல ஆர்க்கிட்ல இருக்கற தடிச்ச தண்டு கிடையாது, தண்ணியை சேத்து வச்சுக்க ஒரு இடமும் இல்ல, வேரும் எண்ணிக்கையில கம்மி, இருக்கற அஞ்சாறு வேரை நம்பித்தான் முழுச் செடியும் இருக்கு. வேர் காப்பிக்கொட்டை கலர்ல, மேல பூனை முடி கணக்கா ரோமத்தோட இருக்கணும், அந்த பிரவுன் கலரைப் பாத்து அழுகிடுச்சுன்னு நெனைச்சு பயந்துடாதீங்க, நல்ல வேரே அந்தக் கலர்தான். ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா அழுத்திப் பாருங்க, கெட்டியா இருந்தா உயிரோட இருக்கு, தோல் மட்டும் கையோட உருவிகிட்டு வந்து உள்ள நூல் மாதிரி நின்னா செத்த வேர். வளர்ற நுனி வெள்ளையா இல்ல இளம்பச்சையா இருந்தா கண்ண மூடிகிட்டு எடுக்கலாம். அடுத்து செடியை அடியில பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, ஆடாம நிக்கணும், ஆடினா வேர் இல்லன்னு அர்த்தம். மூணாவது, எத்தனை இலைக்கொத்து இருக்குன்னு பாருங்க. ஒரு கொத்து வாழ்நாள்ல ஒரு தடவைதான் பூக்கும், பூத்தப்புறம் அது பக்கத்துல குட்டி போட்டு அந்தக் குட்டிக்கு சாப்பாடு குடுத்துகிட்டு சில வருஷம் இருந்து மெதுவா காஞ்சு போகும். பூத்துகிட்டிருக்கற ஒத்தைக் கொத்து செடி வாங்கினா அடுத்த பூவுக்கு ரொம்ப காத்திருக்கணும், பூத்த கொத்து ஒண்ணு, பக்கத்துல பாதி வளந்த கொத்து ஒண்ணு, அடியில முளைக்கற குட்டி ஒண்ணுன்னு இருந்தா அஞ்சு வெள்ளி கூட கேட்டாலும் குடுத்துடுங்க, அதுக்கு கஞ்சத்தனம் பாக்காதீங்க.

ஆன்லைன்ல வாங்கினதுல எனக்கு மனசே ஆறாத அனுபவம் ஒண்ணு உண்டு. செடி இலையெல்லாம் பளபளன்னு வந்துச்சு, பிரிச்சுப் பாத்தா வேருக்கு நடுவுல ஸ்பேக்னம்ங்கற, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கற பாசியை இறுக்கி உருண்டை பண்ணி வச்சு, அதுக்கு மேல அழகா மரப்பட்டைத் துண்டைப் பரப்பியிருந்தாங்க, உள்ள பாதி வேர் அழுகி தண்ணியா இருந்துச்சு. விக்கறவங்ககிட்ட கேட்டதுக்கு உங்க தண்ணி ஊத்தற முறை சரியில்லன்னு பதில், செடி வந்தது அன்னைக்குதான். இப்படி வெளிய தெரியாம உள்ள பாசி வச்சு விக்கறது இந்த வியாபாரத்துல புதுசு இல்ல, நர்சரியில தண்ணி ஊத்தற வேலை மிச்சம்னு செய்யறாங்க. அதனால எங்க வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் பூ முடியற வரைக்கும் பொறுத்திருந்து, பூவை எடுத்துட்டு முதல் வேலையா தொட்டியை மாத்திடுங்க, உள்ள ஈரம் சொதசொதன்னு இருக்கறது தெரிஞ்சா பூவுக்காக கூட காத்திருக்க வேணாம்.

இப்ப எதுல நடறது. இந்த ரிவியூவுல நான் அடிச்சு சொல்ற ஒரு விஷயம் இதுதான், செடிக்கு குடுக்கற காசுல கஞ்சத்தனம் பண்ணினாலும் அதை நடற மரப்பட்டைக்கு பண்ணாதீங்க. இங்க எல்லாரும் வாண்டாவுக்கும் அராண்டாவுக்கும் போடற அடுப்புக்கரி, செங்கல் துண்டு ஸ்லிப்பருக்கு ஆகாது, சீக்கிரம் காஞ்சிடும், இந்தச் செடிக்கு முழுசா காயவே கூடாது. தேங்காய் மட்டை சிப்ஸ் மலிவு, ஆனா அதுல உப்பு இருக்கும், பல தண்ணி மாத்தி ஊற வைக்கணும், அப்படியும் நம்ம மழைக்காலத்துல சீக்கிரம் மக்கிப் போகுது. நான் இப்ப நம்பிப் போடறது ஆர்க்கியாட்டா பட்டை, நியூசிலாந்துல ரேடியேட்டா பைன் மரத்துப் பட்டையை பதப்படுத்தி டோலமைட்ங்கற சுண்ணாம்புக் கல் தூள் சேத்து விக்கறாங்க. கையில எடுத்தாலே வித்தியாசம் தெரியும், ஓரமெல்லாம் மழுங்கி உருண்டையா, தூசி இல்லாம, கெட்டியா இருக்கு, சாதா பட்டை பாக்கெட்ல அடியில ஒரு கை தூள் நிக்குமே அது இதுல இல்ல. சின்னச் செடிக்கு 3 லேர்ந்து 6 மில்லிமீட்டர் சைஸ், பூக்கற செடிக்கு 6 லேர்ந்து 9 சைஸ். பட்டை நாலு பங்கு, பெரிய சைஸ் பெர்லைட் (எடை கம்மியான வெள்ளைக் கல்) ஒரு பங்கு, பொடிசா உடைச்ச கரி கொஞ்சம், இவ்வளவுதான் என் கலவை. விலை சாதா பட்டையைவிட நல்லாவே ஜாஸ்தி, ஆனா ஒரு செடிக்கு ஒரு டீ கப் அளவுதான் பிடிக்கும், ரெண்டு மூணு பேர் சேந்து ஒரு மூட்டை வாங்கி பிரிச்சுக்கலாம்.

தொட்டி சின்னதா இருக்கணும். வேர் கம்மியா இருக்கற செடிக்கு பெரிய தொட்டி குடுத்தா நடுவுல ஈரம் காயாம நின்னு அழுகல் வரும். 3 இன்ச் இல்ல 4 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி போதும், கண்ணாடி மாதிரி உள்ள தெரியற பிளாஸ்டிக்கா கிடைச்சா ரொம்ப நல்லது, ஈரம் எங்க இருக்கு வேர் எங்க ஓடுதுன்னு வெளியிலேர்ந்தே பாத்துக்கலாம். ஆர்க்கிட்னே போட்டு விக்கற பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பீங்கான் தொட்டிக்கு காசை வீணாக்காதீங்க, அதுல ஸ்லிப்பர் காஞ்சு போகும்.

தண்ணி விஷயத்துல சிங்கப்பூர் பைப் தண்ணியே இதுக்கு தாராளமா ஒத்துக்குது, வேற எதுவும் தேடிப் போக வேணாம். நாள் கணக்கு வச்சு ஊத்தாதீங்க, தொட்டியைக் கையில தூக்கிப் பாருங்க, கனம் குறைஞ்சு, மேல் பட்டை காஞ்சு, ஆனா உள்ள இன்னும் லேசா ஈரம் இருக்கறப்ப ஊத்தணும். காலைல, சிங்க்ல வச்சு, அடி ஓட்டை வழியா தண்ணி ஓடிப் போற அளவுக்கு ஊத்துங்க, இலைக்கொத்துக்கு நடுவுல தண்ணி நின்னா டிஷ்யூவ சுருட்டி அதுல விட்டு உறிஞ்சி எடுத்துடுங்க, ஏன்னா அந்த நடுக்குருத்துல நிக்கற தண்ணிதான் இந்தச் செடிக்கு எமன். தொட்டிக்கு அடியில தட்டு வைக்கவே வைக்காதீங்க, செடிக்கும் ஆகாது, கொசு இருக்கான்னு பாக்க வர்ற என்ஈஏ (தேசிய சுற்றுப்புற வாரியம்) ஆளுங்க அதுல புழுவைப் பாத்தா அபராதமும் கட்டணும். காரிடார்ல வச்சிருக்கறவங்க நடக்கற வழி 1.2 மீட்டர் விட்டு வைக்கணுங்கற ரூலையும் மனசுல வச்சுக்குங்க, அடுத்த வீட்டுக்காரங்க புகார் குடுக்கற நிலைமை வந்தா செடியோட சந்தோஷமே போயிடும்.

வெளிச்சத்துக்கு கிழக்கு ஜன்னல் இருந்தா அதுதான் பெஸ்ட். காலை வெயில் மெல்லிசு திரைச்சீலை வழியா விழட்டும், 10 மணிக்கு மேல நேர் வெயில் வேணாம், இலையில வெள்ளையா தீஞ்சுடும். இலையில இருக்கற அந்தக் கட்டத்தை வச்சே வெளிச்சம் சரியா இல்லையான்னு கண்டுபிடிச்சுடலாம், மஞ்சள் அடிச்சா வெளிச்சம் ஜாஸ்தி, ஒரேயடியா கரும்பச்சையா மாறி இலை தொங்கினா கம்மி. ஜன்னலே சரியில்லாத வீடுன்னா ஒரு சாதா வெள்ளை எல்ஈடி லைட்ட ஒன்றரை அடி உயரத்துல மாட்டி டைமர்ல 12 மணி நேரம் விடுங்க, ஊதா கலர் குரோ லைட்டுக்கு அதிக காசு குடுக்கற அவசியமே இல்ல, அந்த வெளிச்சத்துல செடியோட நெசக் கலர் தெரியாம நோய் வந்தா கூட நாம கவனிக்காம விட்டுடுவோம். லைட்டைவிட முக்கியமா நான் வாங்கச் சொல்றது ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேன். நம்ம ஊர்ல ஈரப்பதத்துக்கு பஞ்சமே இல்ல, காத்து ஓட்டம்தான் பிரச்சினை, ஃபேன் இலையை லேசா அசைக்கற அளவுக்கு ஓடினா அழுகல் நல்லாவே குறையும்.

உரம் ரொம்ப கம்மி போதும். எந்த பிராண்ட் ஆர்க்கிட் உரமா இருந்தாலும் பாக்கெட்ல எழுதியிருக்கற அளவுல கால் பங்கு, வாரா வாரம் தண்ணியோட, மாசத்துல ஒரு வாரம் உரம் இல்லாம வெறும் தண்ணியை நல்லா ஓட விட்டு உப்பைக் கழுவிடணும். பூ வர வைக்கும்னு போட்டு தனியா விக்கற பூஸ்டர் பாட்டில் எதுவும் இந்தச் செடிக்கு தேவைப்படல, கொத்து முழுசா வளந்து வெளிச்சமும் கிடைச்சா தானா பூக்கும்.

பூ வர்றதை எப்படி தெரிஞ்சுக்கறது. நல்லா விரிஞ்ச கொத்தோட நடுவுல புது இலை வர்ற இடத்துல, இலையைவிட ரொம்பச் சின்னதா, தட்டையா, ஓரம் மூடின ஒரு உறை தெரியும். அது இலையா பூவான்னு முதல்ல சந்தேகமாத்தான் இருக்கும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தா உள்ள கரும்பொட்டா மொட்டு தெரியும். அங்கேர்ந்து பூ விரிய ரெண்டு மூணு மாசம் ஆகலாம், அவசரமே படாது இந்தச் செடி. காம்பு நீள ஆரம்பிச்சப்புறம் தொட்டியை திருப்பி வைக்கக் கூடாது, அது வெளிச்சத்தைப் பாத்து நிமிரும், நாம திருப்பித் திருப்பி வச்சா பூ கோணலா வேற பக்கம் பாத்துகிட்டு விரியும். காம்பு ஒரு சாணுக்கு மேல போகும், மெல்லிசு மூங்கில் குச்சி நட்டு மொட்டுக்கு கொஞ்சம் கீழ தளர்வா கட்டுங்க, விரிஞ்ச பூ கனத்துல சாயாம இருக்கும். எங்க வீட்ல வருஷக் கடைசி மழை சீசன் முடிஞ்சு ராத்திரி கொஞ்சம் குளிர்ந்து வந்தப்புறம் உறை கூடுதலா தெரியுது, ஆனா இதுக்கு இன்ன மாசம்னு கிடையாது, கொத்து தயாரானா எப்ப வேணாலும் வரும்.

தொட்டி மாத்தறது வருஷத்துக்கு ஒரு தடவை, தள்ளிப் போட்டாலும் ஒன்றரை வருஷத்துக்குள்ள செஞ்சுடணும். இங்க ஒரு சின்ன விஷயத்தை விளக்கமா சொல்றேன், ஏன்னா செடி உயிரோட இருந்தும் வளராம நிக்கறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். புதுக்குட்டி ஒவ்வொண்ணும் அம்மாவைவிட கொஞ்சம் மேல ஏறி முளைக்கும், பட்டையும் மக்கி கீழ இறங்கும், ரெண்டும் சேந்து கொஞ்ச நாள்ல குட்டியோட அடிப்பகுதி பட்டையைத் தொடாம அந்தரத்துல நிக்கும். புது வேர் அந்த அடியிலேர்ந்துதான் வரும், வெளிய வந்து தொட ஈரமான பட்டை இல்லன்னா அரை சென்டிமீட்டர்லயே முனை காஞ்சு நின்னுடும். அதனால நடும்போது இலையடி லேசா மறையற அளவுக்கு, அரை இன்ச் மாதிரி, பட்டைக்குள்ள இறக்கி நடுங்க, நடுவுல எப்ப பாத்தாலும் அடி வெளிய தெரிஞ்சா ஒரு கை பட்டையை மேல போட்டு மூடுங்க. பெருசாயிடுச்சேன்னு பிரிக்கணும்னு கை பரபரக்கும், ஒவ்வொரு பாகத்துலயும் மூணு கொத்தாவது வர்ற மாதிரி இருந்தாத்தான் பிரிக்கலாம், அதுக்குக் கம்மின்னா பூ வர்றது தள்ளிப் போயிடும்.

நோய்னு பாத்தா ஒண்ணுதான் பயப்பட வேண்டியது, பாக்டீரியா அழுகல். இலையில தண்ணி கோத்த பிரவுன் திட்டு, ஒரே நாள்ல பரவும், மோந்து பாத்தா நாத்தம் அடிக்கும். நெருப்புல காட்டின பிளேடால நல்ல திசு வரைக்கும் சேத்து வெட்டி எறிஞ்சுட்டு வெட்டின இடத்துல லவங்கப்பட்டைத் தூள் தடவுங்க, தேக்கா மார்க்கெட்ல சமையலுக்கு விக்கற தூளே போதும், வேர்ல மட்டும் படாம பாத்துக்குங்க, வேரை காய வச்சுடும். மாவுப்பூச்சி வந்தா ஸ்பிரிட்ல காட்டன் பட் தொட்டு துடைச்சா போகும், எறும்பு நடமாட்டம் தெரிஞ்சாலே இலையிடுக்கைப் பாருங்க. நத்தை மொட்டைக் கடிச்சா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

மாடியே நல்லா வந்தப்புறம் அடுத்து என்ன வாங்கலாம்னா நிவியம் வாங்கலாம், லங்காவி தென் தாய்லாந்து பக்கம் சுண்ணாம்புப் பாறையில வளர்ற சின்ன வெள்ளைப் பூ, அதுக்கு கலவையில கொஞ்சம் நொறுக்கின கிளிஞ்சல் சேக்கணும், வளர்ச்சி மெதுவு ஆனா நம்ம சூட்டுக்கு ஒத்துப் போகும். வாங்கவே கூடாததும் சொல்லிடறேன். உருண்டையா பெருசா மெழுகு பூசின மாதிரி பூவோட, கட்டம் இல்லாத வெறும் பச்சை இலையோட இருக்கற காம்ப்ளெக்ஸ் வகை, பூவைப் பாத்தா மயங்கிடுவோம், அதுக்கு ராத்திரி நல்லா குளிரணும், இங்க அந்த ஒரு பூவோட சரி. சீனாவுலேர்ந்து வர்ற மஞ்சள் ஆர்மேனியாகமும் ரோஸ் கலர் மைக்ராந்தமும் அதே கதை. குளிர்ல வளர்ற ஆர்க்கிட்டைப் பாக்க ஆசையா இருந்தா பொட்டானிக் கார்டன்ல தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக் குளிர்வீட்டுக்கு போய் ஆற அமர பாத்துட்டு வாங்க.

இன்னொண்ணு, இதை எல்லாரும் கேட்டுக்கணும்னு ஆசைப்படறேன். காட்டுலேர்ந்து பிடுங்கின ஸ்லிப்பரை எவ்வளவு மலிவா குடுத்தாலும் வாங்காதீங்க. பாஃபியோபெடிலம் இனம் மொத்தமும் சைட்டிஸ்ங்கற, அழியற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு, காட்டுச் செடியை வியாபாரத்துக்கு நாடு தாண்டி எடுத்துட்டு போறது தடை. வியட்நாம்ல 1999ல புதுசா பேர் வச்ச வியட்நாமென்ஸ்ங்கற இனத்தை சில வருஷத்துக்குள்ளயே காட்டுல இல்லாம பண்ணிட்டாங்க. நம்ம பொதிகை மலையில அகத்தியமலைப் பக்கம் மட்டுமே இருக்கற துரூரி, மஞ்சள் பூவுல நடுவுல கரும்பழுப்புக் கோடு ஓடும், தென்னிந்தியாவுக்குன்னு இருக்கற ஒரே ஸ்லிப்பர் அது, அதையும் மூட்டை மூட்டையா பிடுங்கி வித்து இன்னைக்கு அழிவோட விளிம்புல நிக்குது. கிழிஞ்ச இலை, பாசி ஒட்டின பழைய இலை, அறுபட்ட வேர், ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு சைஸ், இதெல்லாம் இருந்தா காட்டுச் செடின்னு சந்தேகப்படலாம், விதையில வளந்த செடி ஒரு தட்டுல ஏறக்குறைய ஒரே உயரத்துல சுத்தமா இருக்கும். மாடியே ஹைப்ரிட்டுங்கறதால காட்டுல பிடுங்கின செடியா இருக்க முடியாது, எனக்கு அதைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுல இருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பாஃபியோபெடிலம் குறிப்பிட்ட செடிகள் பட்டியல்ல வருது, லைசென்ஸ் இல்லாம வளக்கறதும் விக்கறதும் சிக்கல், அதனால வாங்கறதுக்கு முன்னாடி நர்சரிக்காரர்கிட்ட பேப்பரைக் கேளுங்க, இங்கேர்ந்து லக்கேஜ்ல ஒரு செடி கொண்டு வர்றேன்னு யாராச்சும் சொன்னா பெர்மிட் இல்லாம வேணாம்னுடுங்க. சென்னை மதுரை சித்திரை வெயில்ல மாடியேவுக்கு நிழல் இருந்தா மட்டும் பத்தாது, 35 டிகிரிக்கு மேல போற நாள்ல தரையில ஈர மணல் தட்டு, ஃபேன், ரெண்டு வேளை சுத்தி தண்ணி தெளிக்கறதுன்னு பாடுபட்டாத்தான் நிக்கும். கோயம்புத்தூர், ஏற்காடு, பெங்களூரு மாதிரி இடத்துல இருக்கறவங்களுக்கு இது சுலபம். கொடைக்கானல் ஊட்டிக்காரங்க மாடியேவை விட்டுட்டு வடகிழக்கு மலைச் செடியான இன்சிக்னே வகையைத் தேடுங்க, அந்தக் குளிர்ல அதுதான் ஜம்முன்னு பூக்கும்.